தட்டில் ஒரு விலை, பற்றுச்சீட்டில் ஒரு விலை

கடைத் தட்டின் விளிம்பில் செருகப்பட்டிருக்கும் விலைச்சீட்டே, வாங்குபவர் ஒரு பொருளை எடுப்பதா விடுவதா என்று முடிவுசெய்யும் வேளையில் அவர் நம்பிச் செயற்படும் தகவல். ஆயினும் அவர் இறுதியில் செலுத்தும் தொகையை அந்தச் சீட்டு தீர்மானிப்பதில்லை, கடையின் கணினியில் அப்பொருளின் எண்ணுக்கு நேரே பதிவாகியிருக்கும் தொகையே தீர்மானிக்கிறது. பெரும்பாலான வேளைகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வேறுபட்டுவிட்டால் எந்த விலை செல்லும், வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டியவர் யார், கண்டு சொன்னவருக்குக் கடை என்ன செய்ய வேண்டும் ஆகிய கேள்விகளுக்குக் கனடாவில் 2002 முதல் எழுத்தில் விடை உண்டு. அந்த விடை ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களை எவ்வளவு தூரம் எட்டியது என்பதை, அது நடைமுறைக்கு வந்ததை அடுத்த ஆண்டுகளில் அங்குள்ள பேரங்காடி ஒன்றில் பகுதிநேரக் காசாளராக வேலை செய்தவரும், வாரந்தோறும் தம் தாயாருடன் சாமான் வாங்கப் போய் வந்தவருமான இக்கட்டுரையாளரின் நினைவிலிருந்து இக்கட்டுரை பதிவுசெய்கிறது.

இச்சிக்கலின் வேர் பட்டைக்குறியின் வருகையில் இருக்கிறது. பேச்சில் பார்கோட் என்று வழங்கும் பட்டைக்குறி, பொருளின் உறையில் அச்சிடப்படும் கறுப்பு வெள்ளைக் கோடுகளின் வரிசை. தன்னை வாசிக்கும் கருவிக்கு அது பொருளின் அடையாள எண்ணை மட்டுமே சொல்லும், விலையைச் சொல்லாது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ரோய் என்னும் சிறு நகரில், மார்ஷ் பேரங்காடியில், ரிக்லி நிறுவனத்தின் சூயிங்கம் பொதி ஒன்று 67 சதத்துக்கு விற்கப்பட்டதே இக்குறியை வாசித்து நடந்த முதல் விற்பனை. அதற்கு முன்பு ஒவ்வொரு பேணியின் மூடியிலும் ஒவ்வொரு பொதியின் மேலும் கடைப் பணியாளர் விலையை ஒட்டி வைத்தார். காசாளர் அதைப் பார்த்து இயந்திரத்தில் தட்டினார். வாங்கியவரும் வீட்டுக்குப் போய்ப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டே பற்றுச்சீட்டைச் சரிபார்க்க முடிந்தது. பட்டைக்குறி பரவியபின் ஒவ்வொன்றிலும் விலை ஒட்டும் வேலை கடைக்காரருக்கு வீண்செலவாகத் தெரிந்தது. அது கைவிடப்பட்டபோது விலை பொருளை விட்டுப் பிரிந்து, தட்டின் விளிம்பில் ஒரு தாளாகவும் கணினியில் ஓர் எண்ணாகவும் இரண்டு இடங்களில் வாழத் தொடங்கியது.

இரண்டு இடங்களிலும் விலை ஒரே நேரத்தில் மாறினால் சிக்கல் எழாது. ஆனால் கனடியப் பேரங்காடிகளின் வாழ்க்கை வாரக் கணக்கில் ஓடுவது. ஒவ்வொரு வாரமும் வீடுகளுக்கு வந்து விழும் விளம்பரத் தாளில் மலிவு விலைகள் அறிவிக்கப்படுகின்றன, வாரம் முடிந்ததும் அவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன. விலைக் கோப்பு எனப்படும் கணினிப் பட்டியலைத் தலைமை அலுவலகம் அனுப்பிவிட்டால் கடையின் அத்தனை காசு இயந்திரங்களிலும் விலைகள் ஒரே கணத்தில் மாறிவிடும். தட்டுகளில் இருக்கும் தாள்களையோ மனிதர் ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற வேண்டும்.

அந்த மாற்றம் நடக்கும் மாலைகள் இக்கட்டுரையாளரின் நினைவில் தெளிவாக நிற்கின்றன. கடையின் பின்னறையில் இருந்த அச்சு இயந்திரம் துளைக்கோடு போட்ட தாள்களில் விலைச்சீட்டுகளை அடுக்கடுக்காகத் தள்ளும். அவற்றை நடைவழி வாரியாகப் பிரித்து, றப்பர் வளையம் போட்டு, இரவுப் பணியாளரிடம் கொடுப்பார்கள். அவர் ஒவ்வொரு தட்டின் முன்னும் குந்தியிருந்து, விளிம்பில் ஓடும் பிளாஸ்டிக் தவாளிப்புக்குள் விரலை விட்டுப் பழைய சீட்டை வெளியே எடுத்துப் புதியதைச் செருகிக்கொண்டு நகர்வார். மலிவு விலையைக் காட்டும் பெரிய மஞ்சள் அட்டைகள் வழக்கமான சீட்டுக்கு மேலே தொங்கும். வாரம் முடிந்ததும் அவை ஒன்று விடாமல் கழற்றப்பட வேண்டும். அதே வேளையில் பால் வண்டி வந்துவிட்டாலோ, ஒருவர் சுகவீனமென்று வராமல் போனாலோ, ஏதோ ஒரு நடைவழியின் கடைசியில் சில மஞ்சள் அட்டைகள் எஞ்சிவிடும். மறுநாட்காலையில் அவற்றின் கீழிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு பொருளும் காசாளரிடம் வரும்போது கூடிய விலையிலேயே விழும். பிழையான விலைகளில் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததே அன்றி, யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது காரணம் பேணிகளின் அளவு. கொண்டைக்கடலைப் பேணி 398 மில்லிலீற்றரிலும் 540 மில்லிலீற்றரிலும் வரும்; தக்காளிப் பேணிக்கு 796 மில்லிலீற்றர் என்னும் இன்னோர் அளவும் உண்டு. மலிவு விலை ஓர் அளவுக்கு மட்டும் இருக்க, அட்டை இரண்டுக்கும் நடுவில் தொங்கினால், வாங்குபவர் தம் கைக்கு எட்டியதையே அட்டை குறிப்பதாக எடுத்துக்கொள்வார். இத்தகைய வழக்குகளில் அளவைப் பார்க்கத் தவறியவர் வாங்கியவரா, அட்டையைப் புரியும்படி மாட்டத் தவறியது கடையா என்ற வாதம் காசாளர் மேசையில் அடிக்கடி எழுந்தது. சீட்டில் அச்சிட்டிருக்கும் பட்டைக்குறி எண்ணையும் பேணியின் எண்ணையும் ஒப்பிட்டே அதைத் தீர்க்க முடிந்தது.

தட்டில் ஒரு விலை போட்டிருந்தால் கடை அந்த விலைக்கே விற்றாக வேண்டும் என்பது பொதுமக்களின் நம்பிக்கை. ஆனால் ஆங்கிலேயப் பொதுச் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1953இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் உறுதிப்படுத்திய கோட்பாட்டின்படி, தட்டில் பொருளை விலையுடன் வைப்பது விற்பனைக்கான முன்மொழிவு ஆகாது, முன்மொழியுமாறு வாடிக்கையாளருக்கு விடுக்கும் அழைப்பே ஆகும். வாடிக்கையாளர் பொருளைக் காசாளரிடம் கொண்டுவரும்போதுதான் முன்மொழிவு பிறக்கிறது, காசாளர் அதை ஏற்கும்போதுதான் ஒப்பந்தம் உருவாகிறது. ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் நம்பியிருந்தால், தட்டில் இருந்த விலையைக் காட்டி வாதாடும் வாடிக்கையாளருக்குப் பெரிய பிடிமானம் இராது. அதனாலேயே வேறு சட்டங்கள் தேவைப்பட்டன. கனடாவின் போட்டிச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விலைகள் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தால் அவற்றுள் குறைந்ததற்கு மேல் வாங்குவதைக் குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 74.05ஆம் பிரிவு விளம்பரத்தில் சொன்ன விலையைவிடக் கூட்டி விற்பதைத் தடுக்கிறது. எனினும் பருப்புப் பொதியில் ஐம்பது சதம் கூடிப்போனதற்காக நீதிமன்றம் ஏற யாராலும் முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பவே 2002இல் விலைவாசிப்புத் துல்லியத்துக்கான தன்விருப்ப நெறிக்கோவை கொண்டுவரப்பட்டது. தன்விருப்ப நெறிக்கோவை என்பது அரசு இயற்றும் சட்டமன்று. வணிகர்கள் தாமாகவே ஒப்புக்கொண்டு தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் விதித்தொகுப்பு. கனடிய சில்லறை வணிக மன்றம் உள்ளிட்ட வணிக அமைப்புகள் இதை உருவாக்கின; போட்டிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரச அமைப்பான போட்டிப் பணியகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. இதன் உயிர்நாடி மிக எளிது. காசாளர் மேசையில் விழும் விலை, தட்டில் காட்டிய அல்லது விளம்பரத்தில் அறிவித்த விலையைவிடக் கூடுதலாக இருந்து, அதை வாடிக்கையாளர் எடுத்துச் சொன்னால், சரியான விலை 10 டொலர் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும் பொருளை இலவசமாகக் கொடுக்க வேண்டும். 10 டொலருக்கு மேற்பட்டதாயின் சரியான விலையிலிருந்து 10 டொலரைக் கழிக்க வேண்டும். ஒரே பொருளைப் பல எண்ணிக்கையில் வாங்கியிருந்தால் ஒன்றுக்கு மட்டுமே இச்சலுகை, ஏனையவற்றுக்கு விலை திருத்தப்படும்.

எடுத்துக்காட்டாக, 2 டொலர் 49 சதம் என்று தட்டில் போட்டிருந்த மைசூர்ப் பருப்புப் பொதி 2 டொலர் 99 சதமாக விழுந்தால், ஐம்பது சதத்தைத் திருப்பிக் கொடுப்பதுடன் கடையின் கடமை முடிவதில்லை. பொதியே வாடிக்கையாளருக்கு இலவசமாகிறது. மூன்று பொதிகள் வாங்கியிருந்தால் ஒன்று இலவசம், மற்ற இரண்டும் 2 டொலர் 49 சதம் வீதம். 13 டொலர் 99 சதம் என்றிருந்த அரிசி மூடை 16 டொலர் 99 சதமாக விழுந்தால், சரியான விலையிலிருந்து 10 டொலர் கழிந்து 3 டொலர் 99 சதத்துக்கே அது கைக்கு வரும். இத்தொகை வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட நட்டத்தைவிடக் கூடியது என்பது தற்செயலன்று. வேறுபாட்டை மட்டும் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் பிழை விடுவதால் கடைக்கு எந்த நட்டமும் இல்லை. கேட்காமல் போனவர்களின் பணம் எஞ்சும், கேட்டவர்களின் பணம் மட்டும் திரும்பும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பொருள் போய்விடும் என்றிருந்தால்தான் இரவுப் பணியாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது இலாபகரமானது என்று முகாமையாளர் கணக்குப் போடுவார்.

நெறிக்கோவை விலைச்சீட்டின் உருவத்தைக்கூட வரையறுத்தது. பொருளின் விவரம் குறைந்தது 10 புள்ளி அளவிலும், விலை குறைந்தது 28 புள்ளி அளவில் தடித்த எழுத்திலும் இருக்க வேண்டும். புள்ளி என்பது அச்சுத்துறையில் எழுத்தின் உயரத்தை அளக்கும் அலகு; ஓர் அங்குலத்தில் 72 புள்ளிகள் அடங்குமாதலால், 28 புள்ளி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரம். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டு வந்த முதியவரும் வாசிக்கக்கூடிய அளவு அது. பற்றுச்சீட்டில் கடையின் பெயர், திகதி, ஒவ்வொரு பொருளின் விவரம், அதன் எதிரே விலை ஆகியவை இருக்க வேண்டும் என்றும், கடை இந்நெறிக்கோவையை ஏற்றிருக்கிறது என்பதைத் தெரிவிக்கும் அறிவித்தலை வாயிலிலும் காசாளர் மேசைகளின் அருகிலும் வைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. மருந்துச்சீட்டுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளும், பொதுமக்கள் தாமாக எடுக்க முடியாதபடி மேசைக்குப் பின்னால் வைக்கப்படும் பொருட்களும், தனித்தனியே விலை ஒட்டப்பட்ட பொருட்களும் இதற்குள் அடங்கா.

இக்கட்டுரையாளர் வேலை செய்த கடையில் அந்த அறிவித்தல் வாயிற் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தது. தள்ளுவண்டிகள் அடுக்கிவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கடையின் திறப்பு நேரங்களுக்கும் புகைத்தல் தடைக்கும் நடுவில், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அது இருந்தது. கடைக்கு வந்தவர்களில் கணிசமானோர் தமிழர், சீனர், தென்னாசியர், கரிபியத் தீவினர். 1983 யூலைக்குப் பின் கனடாவை நோக்கிப் பெருகிய ஈழத்தமிழர் இடப்பெயர்வில் வந்து ஸ்காபரோவில் குடியமர்ந்தவர்களின் பெற்றோர், அந்த ஆண்டுகளில் பிள்ளைகளால் அழைக்கப்பட்டு வந்துகொண்டிருந்தனர். வாசல் கண்ணாடியில் இருந்த தாளை அவர்களில் எவரும் நின்று வாசித்ததாக இக்கட்டுரையாளருக்கு நினைவில்லை. அது அவர்களின் குறையன்று. குளிருக்குள்ளிருந்து உள்ளே வருபவர் கண்ணாடிக் கதவில் நின்று சிற்றெழுத்து வாசிப்பதில்லை.

காசாளர் மேசையில் நடந்தவை பல. அவற்றுள் ஒன்று, நெறிக்கோவையின் வலுவையும் வலுவின்மையையும் ஒருங்கே காட்டுவதால் இங்கே விரிவாகச் சொல்லத்தக்கது. பருத்திச் சேலைக்கு மேல் குளிர்மேலங்கி அணிந்த ஒரு மூதாட்டி, பருப்புப் பொதி வாசிப்புக் கருவியைக் கடந்தபோது திரையைப் பார்த்துவிட்டு, கையில் மடித்து வைத்திருந்த விளம்பரத் தாளின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். விலை கூடித்தான் விழுந்திருந்தது. தமிழில் பேசக்கூடிய காசாளர் என்று கண்டதும் முகம் மலர்ந்தவர், விதிப்படி அந்தப் பொதியை இலவசமாகப் பெறலாம், அதற்கு மேற்பார்வையாளரை அழைத்து ஒப்புதல் பெற வேண்டும் என்று கேட்டதும் பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தார். "விடு தம்பி, ஐம்பது சதத்துக்காக ஆக்களை மறிச்சுக்கொண்டு நிக்கிறதே" என்றார். மேற்பார்வையாளர் வருவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பிழையைக் கண்டுபிடித்தவர். அதற்கான சான்றையும் கையில் வைத்திருந்தவர். அவருக்கு உரியது என்னவென்று அவருடைய மொழியிலேயே சொல்லவும்பட்டது. இருந்தும் அவர் கூடிய விலையைக் கொடுத்துவிட்டே போனார்.

ஏன் என்ற கேள்விக்குக் கூச்சம் என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம், அது போதாது. அந்த வரிசையில் நின்றவர்களின் பார்வையில் தாம் சில்லறைக்குச் சண்டை பிடிக்கும் வந்தேறியாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் இருந்தது. ஊரில் சங்கக் கடையிலும் சந்தையிலும் விலை கேட்டுக் குறைத்துப் பழகியவர்கள், விலை அச்சிடப்பட்ட நாட்டில் விலையைப் பற்றிப் பேசுவதே மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டதும் உண்டு. இலவசம் என்ற சொல்லும் தடையாயிற்று. ஐம்பது சதம் தவறியதற்கு முழுப் பொதியையும் வாங்கிக்கொள்வது அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படுவது போலப் பலருக்குப்பட்டது. நெறிக்கோவை அதைக் கடைக்கு விதிக்கும் தண்டமாகவே வகுத்திருந்தது. பெற்றுக்கொள்பவரிடமோ அது பிச்சையின் சாயலுடன் போய்ச் சேர்ந்தது. இந்த இடத்தில்தான் நெறிக்கோவையை வகுத்தவர்கள் எண்ணியதும் மக்கள் உணர்ந்ததும் பிரிந்து போயின.

பெரிய தொகைகளில் நிலைமை வேறு. அரிசி மூடையின் விலை பிழையாக விழுந்த ஒரு சனிக்கிழமை, இரவு வேலை முடிந்து நேரே கடைக்கு வந்திருந்த ஒரு குடும்பத் தலைவர், நெறிக்கோவையின் பெயரைச் சொல்லியே தமது உரிமையைக் கேட்டார். மேற்பார்வையாளர் நடைவழிக்குப் போய்ப் பார்த்து வந்து, அட்டையில் திகதி முடிந்துவிட்டது என்றார். அட்டையின் அடியில் முடிவுத் திகதி மிகச் சிறிய எழுத்தில் இருந்தது உண்மை. ஆனால் அட்டை அங்கே தொங்கிக்கொண்டிருந்ததும் உண்மை. கழற்றாமல் விட்டது கடை, அதன் விளைவை வாங்கியவர் சுமக்க முடியாது என்று அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். முகாமையாளர் வரவழைக்கப்பட்டு, 10 டொலர் கழிக்கப்பட்டது. காசாளரும் கடையும் தீர்க்காத பிணக்கை விசாரிக்க, நெறிக்கோவையின் கீழ் ஒரு குழு உண்டு, கட்டணமின்றி அழைக்கத் தொலைபேசி எண்ணும் உண்டு. அந்த எண்ணை அவர் தம் பணப்பையில் எழுதி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசக்கூடிய, வேலைத்தளத்தில் தொழிற்சங்கத்தைக் கண்ட ஒருவருக்கு அன்று நீதி கிடைத்தது. அதே மூடையை அன்று காலை வாங்கிச் சென்ற மற்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

கடையின் உள்விதி இந்த வேறுபாட்டைக் கூட்டியது. காசாளரே பிழையைத் தீர்த்துவைக்க அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது நெறிக்கோவையின் நோக்கம். அதைப் பற்றிப் பயிற்சி கொடுக்கவும்பட்டது. ஆனால் அந்தக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் மேற்பார்வையாளரின் திறப்பு தேவைப்பட்டது. வாடிக்கையாளர் நெறிக்கோவையைக் குறிப்பிட்டுக் கேட்டால் முழுமையாகக் கொடுக்க வேண்டும், விலை பிழை என்று மட்டும் சொன்னால் விலையைத் திருத்தினால் போதும் என்று வாய்வழியாகச் சொல்லப்பட்டிருந்தது. எழுத்தளவில் இதைக் குற்றம் சொல்வது கடினம். வாடிக்கையாளரின் கோரிக்கையின் பேரிலேயே சலுகை என்று நெறிக்கோவையே சொல்கிறது. கோரிக்கை என்பதற்கு, பிழையைச் சுட்டிக்காட்டுவது மட்டும் போதுமா, உரிமையின் பெயரையும் சொல்ல வேண்டுமா என்ற நுட்பமான இடைவெளிக்குள் ஏராளமான பருப்புப் பொதிகள் விழுந்து மறைந்தன.

மரக்கறிப் பகுதியில் பிழை இன்னொரு வழியாக வந்தது. பட்டைக்குறி இல்லாத பழங்களுக்கும் மரக்கறிகளுக்கும் விலைதேடும் எண் எனப்படும் நான்கு இலக்க எண் உண்டு. வாழைப்பழத்துக்கு 4011 என்பது உலகின் எந்த மூலையிலும் காசாளரின் விரல்களுக்கு மனப்பாடம். ஆனால் மரவள்ளிக் கிழங்கையும் பாகற்காயையும் வாழைக்காயையும் வேறு நாடுகளிலிருந்து வந்த இளம் காசாளர்கள் கண்டதில்லை. கையேட்டில் படத்தைத் தேடிக் களைத்து, ஏறத்தாழ ஒத்திருக்கும் ஏதோவொன்றின் எண்ணைத் தட்டிவிடுவார்கள். நெறிக்கோவை இவ்வெண்களால் விற்கப்படும் பொருட்களையும் உள்ளடக்குவதால் இதற்கும் அதே உரிமை உண்டு. தமிழ்க் குடும்பங்களின் பற்றுச்சீட்டுகளில் கூடிய விலை விழுந்த இடங்களில் இதுவே மறைவானது. எடை, விலை, பெயர் மூன்றும் சேர்ந்து குழம்பியிருப்பதால் வீட்டில் போய்ப் பார்த்தாலும் எளிதில் பிடிபடாது.

வீட்டில் போய்ப் பார்க்கும் வழக்கத்தை இக்கட்டுரையாளர் தம் தாயாரிடம் கண்டார். சாமான்களை அடுக்கி முடித்ததும் அவர் குசினி மேசையில் பற்றுச்சீட்டை நீட்டி விரித்து, பக்கத்தில் விளம்பரத் தாளை வைத்து, பேனையால் ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு கோடு போட்டுக்கொண்டு வருவார். பற்றுச்சீட்டில் பெயர்கள் உயிரெழுத்துகள் உதிர்ந்த ஆங்கிலச் சுருக்கங்களாக இருக்கும். எந்த வரி எந்தப் பொருள் என்பதை அவர் பெயரை வைத்துக் கண்டுபிடித்ததைவிட, எந்தச் சாமானை எந்த ஒழுங்கில் மேசையில் வைத்தோம் என்ற நினைவை வைத்தே கண்டுபிடித்தார். கோடு விழாமல் நின்ற வரியை மறுவாரம் கடையின் வாடிக்கையாளர் சேவை மேசைக்குக் கொண்டுபோவார். பணம் செலுத்தி வெளியேறிய பின்னும் பற்றுச்சீட்டுடன் திரும்பி வந்து கேட்கலாம் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்து வைத்திருந்தார். அவருடைய ஆங்கிலம் குறைவு. ஆயினும் பற்றுச்சீட்டையும் விளம்பரத் தாளையும் பக்கம்பக்கமாக வைத்து இரண்டு எண்களின் கீழும் கோடிட்டுக் காட்டினால் மொழி தேவையில்லை என்பதை அவர் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் நெறிக்கோவை பரவியது வாயிற் கண்ணாடியில் இருந்த தாளாலன்று, துணி துவைக்கும் அறையில் நடந்த இத்தகைய பேச்சுகளால்.

இதே உரிமையை வேறு இடங்கள் வேறு விதமாக வகுத்திருக்கின்றன. கியூபெக் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு பொருளிலும் விலை குறிக்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. பட்டைக்குறியை நம்பி அதிலிருந்து விலக்குப் பெற விரும்பும் கடை, விலைத் துல்லியக் கொள்கையொன்றைக் கடைப்பிடித்தாக வேண்டும். அங்கே இது வணிகரின் விருப்பத்தில் தங்கியிராத சட்டக் கடமை. 10 டொலராக இருந்த எல்லையும் 2025இல் 15 டொலராக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கூடுதலாக வாங்கப்பட்ட தொகையுடன் அதன் பத்து மடங்கும் வாடிக்கையாளருக்கு உரியது; அந்த மேலதிகத் தொகை 1 டொலருக்குக் குறையாமலும் 5 டொலருக்கு மேற்படாமலும் இருக்கும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் அறிவிக்கலாம். அறிவித்த இரண்டு நாட்களுக்குள் கடை கொடுக்காவிட்டால் வழக்குத் தொடரலாம். அங்கே கொடுப்பது கடையின் நல்லெண்ணத்தில் தங்கியிருக்கவில்லை.

விலை கூடியே விழுகிறது என்ற எண்ணமும் முழுதும் சரியன்று. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1996இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட பொருட்களில் ஏறத்தாழ 4.8 விழுக்காட்டின் விலை பிழையாக விழுந்தது. அவற்றுள் குறைந்து விழுந்தவை கூடி விழுந்தவற்றைவிடச் சற்று அதிகம். 1998இல் நடந்த அடுத்த ஆய்வில் பிழை முப்பதில் ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்திருந்தது. அரச அளவீட்டுப் பரிசோதகர்கள் கடைக்குள் போய்ப் பொருட்களை எழுந்தமானமாக எடுத்து வாசித்துப் பார்ப்பதும், நூற்றுக்கு 98 சரியாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலை வைப்பதும் அந்நாட்டு மாநிலங்களில் வழக்கம். கடைக்காரரின் நேர்மையைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அதே வேளையில், கடையின் நேர்மை குறித்த கேள்வியே எழாத இடத்திலும் பிழையின் சுமை யார் மேல் விழுகிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. குறைந்து விழுந்ததால் கடை இழப்பது ஆயிரம் வாடிக்கையாளரிடையே பரவிப் போகும். கூடி விழுந்ததால் இழப்பவர் அந்த வாரச் செலவுக்கு எண்ணி வைத்த பணத்திலிருந்து இழக்கிறார்.

இக்கட்டுரையாளர் காசாளர் மேசையை விட்டு வந்தபின் கடைகள் வெகுவாக மாறிவிட்டன. வாடிக்கையாளரே தம் பொருட்களை வாசித்துப் பணம் செலுத்தும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே பிழையைச் சொல்வதற்கு எதிரே முகமே இல்லை, ஆறு இயந்திரங்களுக்கு ஒருவராக நிற்கும் பணியாளரைக் கையசைத்துக் கூப்பிட வேண்டும். மறுபுறம், கணினியில் விலை மாறும்போதே தட்டிலும் மாறும் மின்னணு விலைச்சீட்டுகள் பரவத் தொடங்கியுள்ளன. அவை இரவுப் பணியாளரின் மறதியால் வரும் பிழையைப் பெரும்பாலும் ஒழிக்கும். பொருள் தவறான சீட்டின் கீழ் அடுக்கப்படுவதையோ, விளம்பரத்தில் ஒன்றும் கணினியில் ஒன்றுமாக விலை இடப்படுவதையோ அவை ஒழிக்க மாட்டா.

எனவே வாங்குபவர் செய்யக்கூடியவை இன்றும் பழையவையே: விலை விழும்போது திரையைப் பார்ப்பது, சந்தேகமிருந்தால் தட்டில் இருக்கும் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பது, பற்றுச்சீட்டைக் கடை வாசலிலேயே ஒருமுறை வாசிப்பது, கேட்கும்போது விலை பிழை என்று மட்டும் சொல்லாமல் நெறிக்கோவையின்படி உரியதைத் தருமாறு பெயர் சொல்லிக் கேட்பது. ஒன்ராறியோவின் தமிழ் ஊடகங்களும் முதியோர் அமைப்புகளும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பொருள் கடையின் தண்டமேயன்றித் தானமன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அத்துடன் நிறுத்திவிடுவது, பிழை விட்டவரை விட்டுவிட்டுப் பிழைக்கு ஆளானவருக்கே பாடம் எடுப்பதாகும். நெறிக்கோவையில் திருத்தப்பட வேண்டியது ஒரே ஒரு விதி. வாடிக்கையாளரின் கோரிக்கையின் பேரில் என்பதை நீக்கி, விலை கூடுதலாக விழுந்தது உறுதியானதும் காசாளரே அச்சலுகையைப் பதிய வேண்டும், அது பற்றுச்சீட்டில் அச்சாக வேண்டும் என்று எழுதினால் போதும்; மேற்பார்வையாளரின் திறப்புக்காக வரிசை காத்து நிற்கத் தேவையிராது, உரிமையின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இராது. அரிசி மூடைக்காக வாதாடி வென்றவருக்குக் கிடைத்த அதே நீதி, பின்னால் நின்ற வரிசையைப் பார்த்து ஐம்பது சதத்தை விட்டுப்போன மூதாட்டிக்கும் அப்போதுதான் கேளாமலே கிடைக்கும்.